ஒரு புஷ், தளம் தயார்

ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு நெருங்கிவிட்டால் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்குள்ள ஒரு தங்கும் விடுதியின் அறைப்பதிவுத் தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாடகை, காலி அறை என்று அந்த நாட்களில் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். முன்பு கோப்புகளை ஒவ்வொன்றாக எஃப்.டி.பி.யில் ஏற்றுவார்கள். நடுவில் கரண்ட் போனால் பாதி புதுசு, பாதி பழசு. வெளியூர்க்காரருக்குத் தெரிவது வெள்ளைத் திரைதான்.

இதற்கு மருந்து கிட். லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய மென்பொருள். யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. எனக்கு அதில் உயிரானவை ஹூக்குகள்: ஒரு வேலைக்கு முன்போ பின்போ கிட் தானாகவே ஓட்டும் சின்ன ஸ்கிரிப்டுகள்.

சர்வரில் ஒரு கிட் களஞ்சியம் வையுங்கள். தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள், இல்லையென்றால் பழைய பாஸ்வேர்டைக்கூட யாராவது தோண்டி எடுத்துவிடலாம். களஞ்சியத்தின் ஹூக்ஸ் ஃபோல்டரில் போஸ்ட்-ரிசீவ் என்று ஒரு கோப்பு. கல்லூரித் தம்பி தங்கைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெயருக்குப் பின்னால் '.sh' போன்ற எந்த வாலும் ஒட்டக்கூடாது, இயக்கும் அனுமதியும் தர வேண்டும். உள்ளே எழுதுவது இவ்வளவுதான்: மெயின் கிளைக்கு மாற்றம் வந்தால் அதைத் தளத்தின் ஃபோல்டரில் விரித்து வை.

இனி உங்கள் கணினியிலிருந்து ஒரு புஷ், அதாவது மாற்றங்களை சர்வர் களஞ்சியத்துக்கு அனுப்பும் ஒரு கட்டளை போதும். லைன் நடுவில் அறுந்தால் களஞ்சியம் அதை ஏற்காது, ஹூக்கும் ஓடாது. பழைய தளம் முழுசாக நிற்கும். எல்லாம் சரியாகப் போனால், ஸ்கிரிப்ட் சர்வரில் சொல்லும் ஒவ்வொரு வரியும் 'ரிமோட்' என்ற தலைப்போடு நம் திரைக்கே வந்துவிடும். 'தளம் புதுப்பிக்கப்பட்டது' என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். விடுதிக் கணக்குப்பிள்ளை, "அந்த வரி வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் போனில் புது வாடகையைச் சொல்வார்.

போஸ்ட்-ரிசீவ் ஓடும்போது மாற்றம் உள்ளே வந்துவிட்டிருக்கும். வாசலிலேயே தடுக்க ப்ரீ-ரிசீவ் என்ற இன்னொரு ஹூக் இருக்கிறது; அதில் வைக்கும் சோதனையில் தோற்றால் புஷ் திரும்பிவிடும். டேட்டாபேஸை இவை எதுவும் தானாகப் பார்த்துக்கொள்ளாது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

நேரமாகிவிட்டது. ஒரு களஞ்சியம், ஒரு ஹூக், ஒரு புஷ். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கடைக்கு, பள்ளிக்கு, சங்கத்துக்குத் தளம் செய்துகொடுக்கும் பிள்ளைகள் இந்த வாரமே இதைச் செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.