நீதியை அளக்கும் கோல்

(சான்பாடாவில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நீதியை அளக்க இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பொருள் பெரிது, எனினும் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுள் ஒருவன் மாநில வாரியத்தில் பயில்கிறான், ஒருத்தி சி.பி.எஸ்.இ. பள்ளியில் பயில்கிறாள், மற்றொருவன் ஐ.சி.எஸ்.இ. பள்ளியில் பயில்கிறான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மூவரும் ஒரே ஜூனியர் கல்லூரியின் வாயிலில் நிற்கின்றனர். வெவ்வேறு வினாத்தாள்களில் பெற்ற மதிப்பெண்களை எந்தத் தராசில் நிறுப்பது?

மகாராட்டிர அரசு இதற்கு மும்முறை விடை தேடிற்று. 2008-இல், அவரவர் வாரியத்தாரோடு ஒப்பிட்டு மதிப்பெண்ணைச் சீர்செய்யும் 'பெர்சன்டைல்' முறையைக் கொணர்ந்தது. 2009-இல், நூற்றுக்கு 90 இடங்களை மாநில வாரிய மாணவர்க்கு ஒதுக்கிற்று. இரண்டையும் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. 2010-இல், சிறந்த 5 பாடங்களை மட்டும் எண்ணும் முறை வந்தது. அதையும் உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அனுமதித்தது. கற்றறிந்தோரே இங்ஙனம் மாறுபட்டனர் என்றால், குறை எவரிடத்தது?

ஒவ்வொரு துறையும் நீதியைத் தன் கோலால் அளக்கிறது. புள்ளியியலார், ஒருவனுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் என்று எண்ணுவர். சட்ட அறிஞர், ஒத்த நிலையினரை ஒத்த முறையில் நடத்தினீரா என்று வினவுவர். பொருளியலார், வாய்ப்பும் வளமும் எவ்வாறு பங்காயின என்று கணக்கிடுவர். கல்வியியலார், அம்மாணவன் எந்தப் பள்ளியிலிருந்து, எத்தனை தடைகளைத் தாண்டி வந்தான் என்று நோக்குவர். நால்வரும் மெய்யே கூறுகின்றனர். ஆயினும் ஒவ்வொருவர் கூறுவதும் மெய்யின் ஒரு பகுதியே.

கோல் நேராக இருந்தால் மட்டும் போதுமா? அஃது எதை அளக்கிறது என்றும் கேட்டல் வேண்டும். இலங்கையில் நம்மவர் பட்ட துயரம் இதற்குச் சான்று. 1970-71-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியோர்க்கு 227 மதிப்பெண் போதுமாயிற்று. தமிழில் எழுதியோர்க்கு 250 வேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு முறையே 229, 250. பின்னர் 1973-இல் மொழிவாரித் தரப்படுத்தல் என்னும் பெயரில் புள்ளியியற் கணக்கே வந்து சேர்ந்தது. கணக்கில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் அக்கோல் பள்ளியின் குறையை அளக்கவில்லை, தேர்வெழுதிய மொழியை அளந்தது. வசதி மிக்க சிங்களப் பள்ளி மாணவனுக்குக் கை கொடுத்து, வசதியற்ற ஊரின் தமிழ் மாணவனைத் தள்ளிற்று. ஓர் இளந்தலைமுறையின் உள்ளத்தில் அஃது ஆறாப் புண் ஆயிற்று.

இதனோடு தமிழ்நாட்டை ஒப்பிடுவோம். அங்கு 2020-இல் இயற்றப்பெற்ற சட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. இங்கும் எல்லார்க்கும் ஒரே எல்லைக்கோடு இல்லை. எனினும் இக்கோல் அளப்பது பள்ளியையும் அதன் வசதியையும். பிறப்பையோ மொழியையோ அன்று. இரண்டிடத்தும் மதிப்பெண் எல்லை வேறுபட்டது. ஒன்று அநீதியாயிற்று, மற்றொன்று நீதியாயிற்று.

ஆதலின் பெரியோர்களே, அரசு புதியதொரு கணக்கைக் கொணரும்போது, "என் பிள்ளைக்கு இலாபமா, நட்டமா?" என்று மட்டும் கேட்டு அமையாதிருப்போம். "இக்கோல் எதை அளக்கிறது? எவனை அளக்காமல் விடுகிறது?" என்றும் கேட்போம். நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் நாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டி நம் பிள்ளையைக் குறைகூற வாய் திறக்கும்போதும், அதே கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நீதி முதலில் நம் இல்லத்துத் திண்ணையில் பழகட்டும்.