பிரசவ அறையில் கேள்வி கேட்பது

(தாமல் காலனியில் நடந்த பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு இப்போது ஏழு மாசம். நின்று பேசினால் கால் வீங்கிவிடும், அதனால் உட்கார்ந்தே பேசுகிறேன். கவிதை வேண்டாம், பிரசவத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஏற்பாடு செய்த தம்பி நெளிந்தான். "அக்கா, அதெல்லாம் நர்சம்மா வந்து சொல்லுவாங்களே" என்றான். நர்சம்மா ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார், அட்டையில் எழுதுவார். அவர் வேலை அவருக்கு. நாம் அதிகாரம், உடல், விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு சேரிப் பெண்ணின் உடம்பின் மேல் அதிகாரம் நேராகக் கை வைக்கிற இடம் பிரசவ அறை. அதைப் பற்றி மட்டும் நமக்குப் பேச்சே கிடையாது. ஆம்பளைங்க யாரும் எழுந்து போகாதீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

என் ஆயா பிள்ளை பிடிக்கிறவள். நான் பிறந்ததும் அவள் கையில்தான். ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருந்தார். அவர் ஊர்த்தெருவுக்குத்தான் போவார், சேரிக்குள் வரமாட்டார். அவரையும் ஊர்க்காரன் தீட்டு என்றுதான் வைத்திருந்தான். இருந்தாலும் அவருக்கும் கீழே நாம். அதனால் நம் ஜனத்துக்கு நம் ஆயாக்கள்தான் மருத்துவச்சி. கூலி ஒரு படி நெல், வெத்தலை பாக்கு.

இதைச் சொன்னதும் சில தோழர்கள், "அதுதான் நம் மரபு அறிவு, ஆஸ்பத்திரி பறித்துக்கொண்டது" என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். என் பெரியம்மா அந்த ஆயாவின் கையிலேயே செத்தாள். பிள்ளை பிறந்தது, நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டி வருவதற்குள் முடிந்துபோனது. சாகிற வரைக்கும் ஆயா சொன்னது ஒன்றுதான்: "எனக்குப் புள்ளய எடுக்கத் தெரியும், ரத்தத்த நிறுத்தத் தெரியாது." நான் ஆஸ்பத்திரிக்கு எதிராகப் பேச வரவில்லை. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். 2018-20 கணக்குப்படி, லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் சாகிறார்கள், தமிழ்நாட்டில் 54. நம் பெரியம்மாக்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நம் உரிமை. அதற்குள் நாம் எப்படிப் போகிறோம், எப்படி நடத்தப்படுகிறோம் என்பதுதான் என் பேச்சு.

சென்னையில் திருவல்லிக்கேணிப் பக்கம் கோஷா ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. இப்போது கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கிறது. 1885இல் தொடங்கியபோது அதன் நோக்கம் பெயரிலேயே இருந்தது: சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான ஆஸ்பத்திரி. பொது ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சப்பட்ட சாதி இந்துப் பெண்களுக்கும், திரைக்குள் இருந்த முஸ்லிம் பெண்களுக்கும் என்று அர்த்தம். நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர்ப் பலகையில் இடமில்லை. இன்று எல்லாரும் அங்கே பிள்ளை பெறுகிறார்கள். பலகை மாறிவிட்டது. பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கிறவர்களின் மனசும் மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

என் தலைச்சன் பிரசவத்தைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அட்டையைப் பார்த்து, "எந்த ஏரியா, காலனியா?" என்றார்கள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு "வாங்க" என்பது "வா" ஆனது. நான் பட்டதாரி, வங்கியில் வேலை, கவிதைப் புத்தகம் போட்டவள். ஒன்றும் அந்த வாசலைத் தாண்டி வரவில்லை. வலியில் கத்தினேன். "படுக்கும்போது தெரியலையா?" என்று கேட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வயிற்றின் மேல் கையை வைத்து அமுக்கினார்கள். கீழே வெட்டித் தைத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எவனையும் கேள்வி கேட்கிறவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் என் உடம்பில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரியாதவளால் என்ன கேட்க முடியும்?

ஒரே ஒருத்தி பேசினாள். அறையைக் கழுவ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. நம்ம ஜனம். கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச அடக்காத கண்ணு, வாயால விடு. இது போயிடும், அடுத்தது வரும், நடுவுல ஓய்வு இருக்கு" என்றாள். அந்த ராத்திரி எனக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். அதைத்தான் கொஞ்சம் விரித்து இப்போது சொல்லப் போகிறேன்.

கர்ப்பப்பை தசையால் ஆன ஒரு பை. ஆயாக்கள் இடுப்பில் சொருகிய சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாசமும் அதன் வாய் இறுக்கி மூடியிருக்கிறது. பிரசவ வலி என்பது அந்தத் தசை சுருங்கிச் சுருங்கி வாயைத் திறக்கிற வேலை. ஒவ்வொரு வலிக்கும் ஒரு வேலை உண்டு. பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டும். தலைச்சனுக்கு இது ஒரு பகல், ஒரு ராத்திரி கூட இழுக்கலாம். அப்படி இழுப்பதாலேயே ஆபத்து என்று அர்த்தமில்லை. முழுதும் திறந்த பிறகு முக்குகிற கட்டம். பிள்ளை வெளியே வரும். அதன் பிறகு நஞ்சுக்கொடி. என் பெரியம்மாவைக் கொன்ற கட்டம் இதுதான். அதனால்தான் பிள்ளை பிறந்ததும் ரத்தம் நிற்க ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியை மறுக்காதீர்கள்.

பொய் வலி தாறுமாறாக வரும், நடந்தால், படுத்தால் அடங்கும். நிஜ வலி அடங்காது. இடைவெளி குறையும், வேகம் கூடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, ஒரு நிமிஷம் நிற்கிறது என்றால் கிளம்புங்கள். இரண்டாவது பிள்ளை என்றால் அதற்கும் முன்னாடியே கிளம்புங்கள், அது காத்திருக்காது. வலியே இல்லாவிட்டாலும் உடனே ஓட வேண்டிய நேரங்கள் உண்டு: பனிக்குடம் உடைந்தால், அதிலும் தண்ணீர் பச்சையாக வந்தால், ரத்தம் போனால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தலைவலி விடாமல் இருந்து கண் மங்கினால், முகம் கை வீங்கினால், வலிப்பு வந்தால், காய்ச்சல் அடித்தால். மாமியாரைக் கேட்டு, புருஷன் வரட்டும் என்று உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். தம்பிகளே, ராத்திரியில் யாரிடம் வண்டி இருக்கிறது, யாருடைய ரத்தம் எந்த வகை என்று இந்தத் தெருவுக்கு ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். அதுவும் இயக்க வேலைதான்.

அடுத்தது முன்தயாரிப்பு. முதலில் ரத்தம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தவள் கொஞ்சம் ரத்தம் இழந்தாலும் விழுந்துவிடுவாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், வயிறு கட்டும் என்று தூக்கிப் போடுகிறார்கள். போடாதீர்கள். டீயோடு போடாமல், எலுமிச்சை, நெல்லிக்காயோடு போடுங்கள். பாவு போடவும் தார் சுற்றவும் நாளெல்லாம் குந்தியிருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும்.

இரண்டாவது, துணை. வலி நேரத்தில் நம்பிக்கையான ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் பயம் குறையும், பிரசவமும் சுலபமாகும். இதை உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2017இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டத்தின் விதிகளிலும் பிரசவத் துணை உண்டு. "உள்ளே யாரும் வரக்கூடாது" என்று சொன்னால், "துணைக்கு ஒருத்தர் இருக்கலாம்னு விதி இருக்கே" என்று மரியாதையாகக் கேளுங்கள். சாட்சி ஒருத்தி நின்றால் கெட்ட வார்த்தை பேசுகிற வாய் கொஞ்சம் யோசிக்கும்.

மூன்றாவது, கேள்விகள். "வாய் எவ்வளவு திறந்திருக்கு? பிள்ளை நாடி எப்படி இருக்கு? இந்த ஊசி எதுக்கு?" இவ்வளவு கேட்டால் போதும். வலி எடுக்கும்போது நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், உட்கார்ந்தும் ஒருக்களித்தும் இருக்கலாம். எல்லாருக்கும் கீழே வெட்டத் தேவையில்லை, வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளக் கூடாது. இதெல்லாம் 2018இல் உலக சுகாதார நிறுவனம் எழுதிவைத்தது. பிள்ளை பிறந்ததும் லூப் போடுவதானால், கருத்தடை ஆபரேஷன் செய்வதானால், உங்கள் சம்மதம் வேண்டும். வலியில் இருக்கும்போது நீட்டுகிற காகிதத்தைத் துணைக்கு வந்தவளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 வயிற்றைக் கிழித்து எடுத்தவை. தனியாரில் 64, அரசில் 36. இந்தியா முழுக்கப் பார்த்தால் 21 அல்லது 22தான். தேவைப்படும் இடத்தில் ஆபரேஷன் உயிர் காக்கிறது. நாடி குறைகிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றால் ஒரு நிமிஷமும் தயங்காதீர்கள். ஆனால் "ஏன்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காரணம் உள்ளவர் பதில் சொல்வார்.

நான்காவது, காசு. இது என் கவுண்டரில் தினம் நடக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் பாஸ்புக்கை நீட்டி, "முத்துலட்சுமி காசு ஏறிச்சா மேடம்?" என்று கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, பிறகு 18,000 ஆனது. அதில் 14,000 காசு, 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பலருக்கு வராததற்குக் காரணம் சின்னதாக இருக்கும்: ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பின் மாற்றாத விலாசம், பேச்சு மூச்சில்லாத பழைய கணக்கு. கர்ப்பம் தெரிந்ததும் நர்சம்மாவிடம் பதிவு செய்து பிக்மி எண்ணை வாங்குங்கள். பெயரை ஒன்றாக்குங்கள். படித்த தம்பிகளே, தங்கைகளே, மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவில் உட்கார்ந்து இந்தக் காகிதங்களைச் சரி செய்து கொடுங்கள்.

கடைசியாக, எனக்குக் கூச்சமான ஒரு விஷயம். எனக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2017இல் சட்டம் திருத்தி வந்தது. இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிக்கும் ஏழு மாசம். கூலித் தறியில் இருக்கிறாள். அவள் தறியை விட்டு எழுந்த நாளிலிருந்து கூலி இல்லை. ஒரே மாசம், ஒரே சேரி, ஒரே வலி. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், ஆனால் அவள் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் அங்கே சட்டம் வந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. தாமல் ஏரிக்கரையில் நாற்று நடுகிறவளுக்கும், தறியில் உட்கார்ந்தவளுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம். இந்தக் கோரிக்கையை நம் துண்டறிக்கையில் எப்போது முதல் வரியாகப் போடப் போகிறோம்?

இன்னும் இரண்டு மாசத்தில் நான் மறுபடி அந்த வாசலுக்குள் போவேன். பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்தத் தடவை என் நாத்தனார் கூட வருகிறாள். மூன்று பெற்றவள், எழுத்து வாசனை குறைவு, ஆனால் வாய் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகளை அவளுக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அடுப்படியில் ஒப்பித்துக் காட்டினாள். "வாய் எவ்வளவு தெறந்திருக்கு? நாடி எப்படி இருக்கு? இந்த ஊசி எதுக்கு?" கேட்டுவிட்டு அவளாகவே ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "எங்க பொண்ண வாங்கன்னு கூப்புடுங்க."

அந்த நாலாவது கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.