கதவு சாத்த முடியாத காம்பராவில் ஜெபம்



"எங்களுக்கு ஜெபிக்கத் தெரியாதுங்க. போதகர் ஐயா ஜெபிப்பாரு, நாங்க ஆமென் சொல்லுவோம்." லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம்.

துரையிடம் ஒரு காரியம் கேட்க வேண்டுமென்றால் நாம் நேரே போய் நிற்பதில்லை. கங்காணியிடம் சொல்லி, கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மனு எழுதிக்கொண்டு போகிறோம். கடவுளிடமும் அப்படித்தான் போகவேண்டும் என்று நினைத்துவிட்டோம்.

வேதத்திலே, 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாள் என்ற பெண்ணைப் பார்க்கிறோம். பிள்ளையில்லாதவள். அதற்காகச் சக்களத்தியின் ஏச்சையும் பேச்சையும் கேட்டவள். வருஷா வருஷம் குடும்பத்தோடு சீலோவிலுள்ள ஆலயத்துக்குப் போவாள். அங்கேயும் சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பாள். ஒருமுறை எழுந்து போய் ஆண்டவர் முன் மனம் கசந்து அழுதாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனான ஏலி அதைப் பார்த்துவிட்டு, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தார். பாருங்கள், கோயில் பெரியவருக்கே அந்த ஜெபம் விளங்கவில்லை. ஆண்டவருக்கு விளங்கியது!

அன்னாள் தன் மனவேதனையைச் சொன்னதும் ஏலி அவளைச் சமாதானமாக அனுப்பினார். அவள் போய்ச் சாப்பிட்டாள். முகத்தில் பிறகு துக்கம் இல்லை. அப்போது பிள்ளை கிடைத்துவிடவில்லை. சாமுவேல் பிறந்தது அதற்குப் பிறகுதான். கொழுந்துக் கூடையை மடுவத்தில் இறக்கினதும் முதுகு நிமிருகிறதே, அதுபோல அவள் மனம் நிமிர்ந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஜெபிக்கும்படி மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "ஒரே காம்பராவுல ஏழு பேர் படுக்கிறோம். எந்தக் கதவைச் சாத்துறது?" நியாயமான கேள்வி. சீலோவில் அன்னாளுக்கும் தனியறை இல்லை. மனதுதான் அவளுக்கு அறை. கொழுந்து பறிக்கும்போதும், பீலியடியில் குடம் நிறையும் வரைக்கும், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுத் திரும்பும்போதும் அந்த அறைக்குள் போகலாம்.

என்ன சொல்வது? அதே அதிகாரத்தில் இயேசு கற்பித்த ஜெபம் அன்றைய நாளுக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கிறது. நாட்சம்பளக்காரருக்கு நன்றாக விளங்கும் ஜெபம்! லூக்கா 18இல் வரும் ஆயக்காரன் தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, ஒரே வரியில் இரக்கம் கேட்டான். அது போதுமாயிருந்தது.

நீங்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "ஆண்டவரே, சம்பளம் கடனுக்கே போகுது. வீட்டுக்காரர் குடிக்கிறார். கோபத்துல பிள்ளையை அடிச்சிட்டேன்." இதுவும் ஜெபம்தான். கோபத்தை மறைத்து நல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போங்கள். கேட்க வேண்டிய நியாயத்தைக் கேட்கவும் வேண்டும். ஜெபம் அதற்குத் தைரியம் தரும்.

இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, உங்கள் சொந்தப் பேச்சில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். முடிவில் ஆமென் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.