நேற்றை அறியாத உதவியாளர்

செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு நேற்று என்ற ஒன்று கிடையாது. சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுவானாலும் அதன் அடியில் இருக்கும் மொழி மாதிரி, பயிற்சி முடிந்த நாளோடு உறைந்துவிட்ட எண்களின் தொகுதி. பேசுபவர் சொல்லும் எதுவும் அந்த எண்களை மாற்றுவதில்லை. ஓர் அமர்வுக்குள் எல்லாம் அதற்கு ஞாபகம் இருப்பதுபோலத் தோன்றக் காரணம், ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை நடந்த உரையாடலும் திரும்பத் திரும்ப அதற்குப் படிக்கக் கொடுக்கப்படுவதுதான். வெளியே எதுவும் சேமித்து வைக்காவிட்டால், அமர்வை மூடியதும் படிக்கக் கொடுக்க ஏதுமில்லை. மறுநாள் காலையில் அது புது ஆள்.

ஒரே நேரத்தில் படிக்கக் கொடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. 2020-இல் வந்த ஜிபிடி-3 பார்க்க முடிந்தது 2,048 டோக்கன்களை, அதாவது சொற்களை அல்லது சொல்துண்டுகளை, மட்டும். 2023 மார்ச்சில் ஜிபிடி-4 அதை 8,192 ஆக்கியது. அதன் பெரிய வடிவம் 32,768 வரை எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் கூகுள் அறிவித்த ஜெமினி 1.5 ப்ரோ 10 லட்சத்தைத் தொட்டது. தமிழில் வேலை செய்வோருக்கு இதில் ஒரு கூடுதல் செலவு இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். 'கொ' என்ற ஒற்றை எழுத்துக்கு ஆறு பைட் வேண்டும். ஆங்கிலத்தை முன்னிறுத்திச் செய்த டோக்கன் பிரிப்பான்கள் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்குவதால், அதே விஷயத்தைத் தமிழில் சொன்னால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். இடத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நீண்ட பனுவலின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் மாதிரிகள் நடுவில் இருப்பதை நழுவவிடுகின்றன என்பதை 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சோதித்துக் காட்டியது.

ஆகவே உதவியாளர் வெளியே எங்காவது எழுதி வைக்க வேண்டும். அடுத்த அமர்வில் எடுத்துப் படிக்க வேண்டும். எழுதி வைக்கும் உதவியாளர் தமிழர்களுக்குப் புதியவர் இல்லை. புதுச்சேரியில், பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறப்பதற்குச் சற்று முன்புவரை நாட்குறிப்பு எழுதினார். துபாஷியின் வேலை மொழிபெயர்ப்பு மட்டுமா? கவர்னர் டூப்ளே கேட்டால் எந்த வணிகரிடம் எவ்வளவு துணி பாக்கி, எந்தக் கப்பல் என்றைக்கு வந்தது, எந்த நவாபுக்கு என்ன வெகுமதி போயிற்று, யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்று உடனே சொல்ல வேண்டிய பதவி அது. பிள்ளை தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை போட்டுத்தான் எழுதினார்; பல இடங்களில் மணிக்கணக்கும் உண்டு. தாம் நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் அவர் எழுதிவைத்தார். 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவரிடம் வருகிறார்கள். 1846-இல் அந்த ஏடுகள் மீண்டும் கவனத்துக்கு வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது.

இந்த நாட்குறிப்பில் இன்னொரு பக்கம் இருக்கிறது; நினைவு பற்றிப் பேசும் பொறியாளர்கள் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். கவர்னரின் மனைவி மதாம் டூப்ளே மேல் பிள்ளைக்கு இருந்த கசப்பு பக்கம் பக்கமாக அதில் கிடக்கிறது. கவர்னரின் குணம், பேராசை, முன்கோபம் பற்றிய கணிப்புகளும் உண்டு. எஜமானருக்கு வேலை செய்தபடியே எஜமானரைப் பற்றி உதவியாளர் எழுதிவைத்த குறிப்பு அது. பிள்ளைக்கு அது சொந்த ஏடு, அவருடைய உரிமை. ஓர் இயந்திரம் தன் பயனரைப் பற்றி இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்தால் அதை யார் படிக்கலாம் என்பது வேறு கேள்வி. கடந்த சில ஆண்டுகளாக நிறுவனங்கள் அதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்லி வருகின்றன.

2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ தன் உதவியாளருக்கு 'நினைவு' வசதியைச் சோதனையாகக் கொடுத்தது. பயனர் சொன்ன சில செய்திகளைச் சிறு வாக்கியங்களாக அது குறித்து வைத்தது; அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவும் ஒவ்வொன்றாக நீக்கவும் முடிந்தது. 2025 ஏப்ரலில் இது விரிந்து, பழைய உரையாடல்கள் எல்லாவற்றிலிருந்தும் தேவையானதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. வசதி கூடியது; ஆனால் ஒரு பதில் எந்தப் பழைய பேச்சிலிருந்து வந்தது என்று பயனர் கண்டுபிடிப்பது கடினமாயிற்று. நிரல் எழுதும் உதவியாளர்கள் பிடித்த வழி எளியது, கொஞ்சம் பழையதும்கூட. திட்டத்தின் அடைவிலேயே ஒரு சாதாரண உரைக் கோப்பு இருக்கும். வேலையின் விதிகள், எடுத்த முடிவுகள், மீதமுள்ள பணிகள் அதில் இருக்கும். அமர்வு தொடங்கும்போது இயந்திரம் அதைப் படிக்கும். மனிதரும் திறந்து படிக்கலாம், அடித்துத் திருத்தலாம். இரண்டில் இதுவே மேல்.

அது ஏன் மேல் என்பதைத் தமிழ்நாட்டில் விருத்தாசலத்திலுள்ள பீங்கான் தொழிற்பேட்டையை வைத்துப் பார்க்கலாம். கொலு பொம்மையும் அகல் விளக்கும் சுடும் ஒரு சிறு பட்டறை. கருவேப்பிலங்குறிச்சி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து போகும் ஆட்கள். களிக்குழம்பை அச்சில் ஊற்றி, காயவைத்து, ஒருமுறை சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுட்டு எடுப்பதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். ஒரு சூளைச் சரக்கில் கீறல் விழுகிறது. காரணம் மண்ணாக இருக்கலாம், சரியாகக் காயாததாக இருக்கலாம், ஆறவைத்த வேகமாகவும் இருக்கலாம். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் திடீரென்று கனஅளவு மாறும்; அந்த வெப்பநிலையைச் சூளை வேகமாகக் கடந்தால் பொருள் தாங்காது. நினைவில்லாத உதவியாளரிடம் கேட்டால் இந்த மூன்று காரணங்களையும் பாடப்புத்தகம்போல் ஒப்பிக்கும். போன மாதமும் இதே மண் லோடில் இதே இடத்தில் கீறல் விழுந்தது, ஆறவைக்கும் நேரத்தைக் கூட்டியதும் நின்றது என்ற குறிப்பு கையில் இருந்தால்தான் அது சொல்வதில் பயன் இருக்கும். அப்படிப்பட்ட குறிப்பில் தேதி வேண்டும், மண் வந்த இடம் வேண்டும், எடுத்த முடிவு வேண்டும், ஏன் எடுத்தோம் என்பதும் வேண்டும். பேசிய பேச்சு முழுவதும் சேர்ந்து கிடந்தால் அதில் தேடுவதற்குள் அடுத்த சூளையும் ஆறிவிடும்.

பணிகளைத் தொடர்வதில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பொம்மை ஆர்டர் ஒன்றில் எந்த அச்சு முடிந்தது, எது காய்கிறது, எது சூளையில், எது மெருகுக்குக் காத்திருக்கிறது என்ற பட்டியலை உதவியாளர் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஆறவைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்று அது யோசனை சொல்கிறது. சொன்ன கையோடு 'முடிந்தது' என்று குறித்தும்விடுகிறது. சூளைக்காரர் அதைச் செய்தாரா என்பது அதற்குத் தெரியாது. மொழி மாதிரிகளிடம் இந்தக் கோளாறு அடிக்கடி காணப்படுகிறது: சொன்னதை நடந்ததாக எழுதிக்கொள்வது. அடுத்த அமர்வு அந்தக் குறிப்பைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு மேலே கட்டுகிறது. ஆகவே ஒரு பணிக்கு முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு நிலை போதாது. யோசனை சொல்லப்பட்டது, ஆள் செய்யத் தொடங்கினார், செய்ததை இன்னார் பார்த்து உறுதிசெய்தார் என்பவை தனித்தனியாக இருக்க வேண்டும். கடைசி நிலையை மனிதர் மட்டும் குறிக்க வேண்டும்.

மாணவர் உலகத்தில் இப்படி உறுதிசெய்து எழுதும் குறிப்புக்கு நேர் எதிரான ஆவணம் ஒன்று உண்டு: ஆய்வகச் செய்முறைகளை எழுதும் ரெக்கார்டு நோட்டு. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து, வராத அளவீட்டையும் வந்ததாக எழுதி முடிக்கப்படும் அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். தமிழ்நாட்டில் அறிவியல் படித்த தலைமுறைகள் எல்லாம் இதில் தேர்ந்தவை. ஆனால் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த வி.ஆர்.ஐ நிலக்கடலை, முந்திரி ரகங்கள் இந்த மாதிரி நோட்டிலிருந்து வந்திருக்க முடியாது. பருவத்துக்குப் பருவம் வயலில் எழுதிய குறிப்பில்தான் ஒரு ரகம் நிற்கிறது, விழுகிறது. உதவியாளரின் நினைவுக் கோப்பும் வயல் குறிப்பேடாக இருந்தால் பயன் தரும். ரெக்கார்டு நோட்டாக இருந்தால் மதிப்பெண் மட்டும் தரும்.

நினைவு கெட்டுப்போகும் வழிகள் வேறு சிலவும் உண்டு. விலை மாறிய பிறகும் பழைய விலை கோப்பில் கிடக்கும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு இன்னொருவருடைய பேச்சில் வந்து விழும். நீண்ட உரையாடலைச் சுருக்கும்போது 'செய்யக்கூடாது' என்பதில் 'கூடாது' உதிர்ந்துபோவதும் நடக்கும். வேண்டுமென்றே கெடுப்பதும் உண்டு: ஓர் ஆவணத்துக்குள் ஒளித்துவைத்த கட்டளை உதவியாளரின் நினைவில் பொய்யை எழுதி, பின்னால் வரும் எல்லா உரையாடல்களிலும் அதைத் தங்கவைக்க முடியும் என்று 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினர். சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து சேமித்த நினைவு தானாக அழிவதில்லை. அதைத் தனியாக நீக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தரப்பட்டது. இன்றைய பட்டதாரிகளில் பலர் விரைவில் வேலையில் அமர்வார்கள். பட்டறையிலோ அலுவலகத்திலோ இப்படிப்பட்ட உதவியாளரை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவர்களிடமே வரும். அப்போது விற்க வந்தவரிடம் அவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்: நினைவுக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, அதைத் திறந்து அடித்துத் திருத்தும் அதிகாரம் யாருக்கு.