வேண்டாம் என்பதும் உரிமைதான்

  

சர்வதேசச் சட்டம் கற்பித்தே தலை நரைத்தவன் நான். வல்லரசுகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு; எனக்குப் பைத்தியம் சின்னஞ்சிறு தீவுகள் மேல். மாணவப் பருவத்தில் மெஸ் சாப்பாடு முடிந்ததும் நூலகத்தில் அட்லஸை விரித்துக்கொண்டு உட்காருவேன். பசிபிக் கடலில் பல புள்ளிகளுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஆளும் நாட்டின் பெயர் இருக்கும். தேர்வுக்கு உதவாத படிப்பு! ஆனால் அதுதான் என் பிழைப்பாயிற்று.

டோக்கெலாவ் என்று ஓர் இடம். மூன்று பவளத்தீவுகள், சுமார் 1,500 மக்கள். விமான நிலையம் கிடையாது; சமோவாவிலிருந்து கப்பலில்தான் போகவேண்டும். 1889இல் பிரிட்டனின் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதியாயிற்று. 1920களில் நியூசிலாந்தின் கைக்கு வந்தது. இப்படிப்பட்ட பகுதிகளுக்கு ஐ.நா. 1960இல் மூன்று வழிகளை வகுத்தது: தனிநாடு, வேறொரு நாட்டோடு சுதந்திரக் கூட்டுறவு, அல்லது முழு இணைப்பு. குக் தீவுகள் 1965இலும் நியுவே 1974இலும் நியூசிலாந்தோடு கூட்டுறவுக்குப் போயின.

டோக்கெலாவ் மக்களிடமும் அதே கூட்டுறவு வேண்டுமா என்று 2006இல் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கிடைத்தது 60 சதவீதம். 2007இல் மறுபடியும் வாக்கெடுப்பு. ஆதரவு 446, எதிர்ப்பு 246. பதினாறு வாக்குகள் குறைந்தன! பெரும்பான்மைதானே என்று யாரும் விதியை வளைக்கவில்லை. இன்றும் அது நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதிதான்.

சுயாட்சி தரும் கூட்டுறவை யாராவது வேண்டாம் என்பார்களா? சொந்தபந்தங்களில் பெரும்பகுதி நியூசிலாந்தில் வாழும்போது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அங்கிருந்தே பணம் வரும்போது, தயங்குவதில் வியப்பில்லை. தயங்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவு மக்களுக்கோ அந்த உரிமையே கிடைக்கவில்லை. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரை பிரிட்டன் அவர்களை ஊரைவிட்டே அகற்றியது. அதற்கு முன்பே அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைக்க 2019 ஆயிற்று.

இன்று பட்டம் பெறும் இளம் சட்டத்தரணிகளே, நாளை உங்களைத் தேடிக் கட்சிக்காரர்கள் வருவார்கள், பலர் எளியவர்கள். அவர்களுக்கு எது நல்லது என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், அதையும் மதித்து வாதாடுங்கள்.