காக்கா பறக்கட்டும், அம்மா குரல் கேட்கட்டும்
(குடிகாடு குழுக் கூட்டத்தில் பேசியது)



நாங்கள் வீடு வீடாக வரும்போது பார்க்கிறோம். குழந்தை அழுதா செல்போனைக் கொடுத்துடுறோம். படம் ஓடும்; நாம பேசினாத்தான் பேச்சு வரும். 2 வயசு வரை திரையே வேண்டாம், 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

2 வயசு தாண்டிய பிள்ளைக்கு நாமே விளையாட்டு செய்யலாம். கம்ப்யூட்டர் படிக்கும் நம் பெண்களைக் கேளுங்கள். 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளில் காக்கா படம் போட்டு, உங்க குரலில் "கா, கா" பதியணும். பிள்ளை எந்தப் பொத்தானைத் தட்டினாலும் காக்கா பறக்கும், அம்மா குரல் கேட்கும். தோல்வியே கிடையாது.

மடியில் வைத்து 10 நிமிஷம் போதும். பிறகு வாசலில் நிஜக் காக்காவைக் காட்டுவோம்.