முற்றம் அமைக்கும் முறை

  

வீடு கட்டுவோர் அறைகளுக்கு வரைபடம் தீட்டுகின்றனர். முற்றத்துக்கு ஒருவரும் தீட்டுவதில்லை. எஞ்சிய இடமே முற்றம் என்றாகிவிட்டது. அதன்மேல் சிமென்டோ இன்டர்லாக் கல்லோ பரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுகின்றோம். இதனால் இழப்பது யாது என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒற்றசேகரமங்கலம் மழைக்குக் குறைவுள்ள ஊரன்று. தென்மேற்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. 1,000 சதுர அடி முற்றத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 930 லிட்டர். மண் தரையாயின் அதில் ஒரு பங்கு ஊறி நிலத்தடி நீரைச் சேரும். சிமென்ட் தரையாயின் பெரும்பகுதி சாலைக்கு ஓடிவிடும். பங்குனியிலும் சித்திரையிலும் கிணறு வற்றியதென்று வருந்தும் நாம், ஐப்பசியில் அந்நீரை நாமே வழியனுப்பி வைத்ததை மறந்துவிடுகின்றோம்.

திருவனந்தபுரத்தில் 1970-களில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தைக் கட்டிய லாரி பேக்கர், நிலத்தின் சரிவுக்கும் அங்கு நின்ற மரங்களுக்கும் இணங்கவே கட்டிடங்களை அமைத்தார். அம்முறை நமது ஐந்து சென்ட் மனைக்கும் பொருந்தும்.

முதலாவதாக, கிணற்றைக் குறியுங்கள். கழிவுநீர் ஊறும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருத்தல் வேண்டும் என்பது கேரளக் கட்டிட விதி. இரண்டாவதாக, மழைநீர் ஓடும் சரிவைக் கவனியுங்கள். வண்டிச் சக்கரம் செல்லும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பாவி, மற்ற இடத்தை மண்ணாகவே விட்டுவிடுங்கள். மூன்றாவதாக, இடமிருப்பின் அமரும் திண்ணையை வீட்டின் கிழக்கே வையுங்கள்; பிற்பகலில் வீட்டின் நிழலே அங்குக் குடை பிடிக்கும். மேற்கே, சுவரை விட்டு விலக்கி ஒரு மாவோ வேம்போ நட்டால் மாலை வெயில் சுவரைச் சுடாது.

திண்ணை எதற்கு என்று சிலர் வினவலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர், அது நன்றே. தமிழோ பெரும்பாலும் பெரியோர் பேசக் கேட்டே அவர்களுக்கு வருவது. அறைக்குள் தொலைக்காட்சிதான் பேசுகின்றது. பாட்டியும் பேரனும் அந்தி வேளையில் அமர்ந்து பேச ஓரிடம் இல்லையெனில், அம்மொழி எங்ஙனம் நிலைக்கும்?

ஆகவே, கொத்தனாரை அழைக்குமுன் ஒரு தாளில் முற்றத்தை வரைந்து, வீட்டாருடன் கலந்து பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.